அடையாறு வெள்ளமும் ராடார் கணக்கும்



அடையாறு பட்டணத்து ஆறுதானே என்று நினைக்காதீங்க. கிராமத்து ஏரிகளின் உபரிநீர் சேர்ந்துதான் அது சென்னைக்குள் நுழைகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட, கரையோரக் குடியிருப்புகள் இரவோடு இரவாக மூழ்கின. மழை எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் நகருகிறது? இது உடனுக்குடன் தெரிந்தால்தான் மதகைப் படிப்படியாகத் திறக்கலாம், ஜனங்களும் மேடேறலாம்.

இதைக் காட்டும் கருவிதான் ராடார். அது ஏவும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். திரும்ப ஆகும் நேரம் தூரத்தையும், அலையின் பலம் மழையின் கனத்தையும் சொல்லும். நம் நாட்டின் முதல் புயல் ராடார் 1970இல் விசாகப்பட்டினத்தில் அமைந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. அந்நாளில் வட்டத் திரையில் தெரியும் ஒளிப்புள்ளிகளை ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் புயலின் இடத்தைக் குறிக்க வேண்டும்.

2002இல் சென்னைத் துறைமுகக் கட்டிடத்து மாடியில் டாப்ளர் ராடார் ஏறியது. இது காற்றின் வேகத்தையும் கண்டு சொல்லும். ரயில் நெருங்கும்போது ஊதல் கூர்மையாகவும், தாண்டியதும் தணிந்தும் கேட்குமே, அதே தத்துவம்தான். ஆனால் விநாடிக்கு நூற்றுக்கணக்கில் அலை போய்த் திரும்புகிறது. அத்தனையையும் அப்போதைக்கப்போதே கணக்குப் பண்ணணும். பிந்தினால் படம் பழசாகிவிடும்.

நடவை நினைச்சுப் பாருங்க. ஓர் ஆள் நாள்கணக்கில் நடும் வயலை, இருபது பேர் வரிசையாக இறங்கினால் ஒரே பொழுதில் முடிக்கலாம். இணைக் கணிப்பொறியும் அப்படித்தான். வானத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பல செயலிகள் ஒரே சமயத்தில் கணக்குப் போடும். மழை வரப்பு பார்த்தா போகுது? அதனால் பக்கத்துப் பாத்தியின் கணக்கையும் கேட்டுக்கொள்ளும்.

ராடார் காட்டுவது இப்போதைய மழை. நாளைய மழையைச் சொல்ல இன்னும் பெரிய கணக்கு வேண்டும். அதற்காக 1988இல் அமெரிக்காவின் கிரே கணிப்பொறி கடும் நிபந்தனைகளோடு டெல்லிக்கு வந்தது. நமக்கு நாமே செய்வோம் என்று விஜய் பட்கர் தலைமையில் புனேயில் உருவான ‘பரம் 8000’ என்ற இணைக் கணிப்பொறி 1991இல் வெளிவந்தது. 2018இல் அதே புனேயில் ‘பிரத்யுஷ்’ வானிலைக் கணக்குக்கென்றே நிறுவப்பட்டது.

ராடார் படத்தை வானிலைத் துறை எல்லோருக்கும் வெளியிடுகிறது. களத்தில் நெல்லைக் கொட்டும் முன்பு, மருந்து தெளிக்கும் முன்பு, மேலுரம் போடும் முன்பு அதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்தாலும் ஒரு போகத்து உழைப்பு தப்பும்.