கம்பியா, காற்றா? ஒரு சிறிய அடாப்டருக்குப் பின்னுள்ள நீண்ட வரலாறு

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு விழுந்த இடியில் என் மேசைக் கணினியின் லேன் துளை செயலிழந்தது. கணினி பழையது, தாய்ப்பலகையை மாற்றும் செலவுக்கு அது தகுதியற்றது. யூஎஸ்பி துளையில் செருகும் அடாப்டர் ஒன்று போதும் என்றார், ஹைதராபாத்தில் நான் குடியிருக்கும் தெருவின் கடைக்காரர். அடுத்து, "வயரா, வயர்லெஸ்ஸா?" என்று கேட்டார். யோசிக்காமல் வயர்லெஸ் என்றேன். பின்னால் வந்தது எதுவோ அதுவே மேலானது என்னும் எண்ணம் அந்த விடையில் ஒளிந்திருந்ததை அப்போது நான் உணரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆய்வுக்குழுவின் முன் இணையவழியில் முன்னேற்ற அறிக்கை அளிக்க வேண்டியிருந்தது. களப்பணியில் ஒரு மூதாட்டியிடம் பதிவு செய்த ஒலித்துண்டுகளே என் வாதத்தின் அச்சாணி. 'வாழை', 'வாளை' என்னும் இரு சொற்களை அவர் எவ்வளவு தெளிவாகப் பிரித்து ஒலிக்கிறார் என்று காட்டுவதற்காக அவற்றை ஒலிக்கச் செய்தேன். குழுவிலிருந்த மூத்த பேராசிரியர், "இரண்டும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன, இந்த வேறுபாடு உங்கள் கற்பனையோ?" என்றார். சொற்களின் நடுப்பகுதி வழியிலேயே உதிர்ந்து போயிருந்தது. பிறகு இணைய வேகத்தை அளந்து பார்த்தேன். எண்கள் நன்றாகவே இருந்தன. குறை வேகத்தில் இல்லை, தொடர்ச்சியில் இருந்தது. ஏன் அப்படி என்று தேடப் புகுந்தபோது கிடைத்த வரலாறே இந்தப் பதிவு.

சொல்லிலிருந்து தொடங்குகிறேன், மொழியியல் படித்ததால் வந்த பழக்கம். எள்ளின் நெய்யே எண்ணெய். பிற வித்துகளிலிருந்து எடுத்தவற்றுக்கும் அப்பெயர் பரவியபின், எள்ளின் நெய்யைத் தனித்துச் சுட்ட 'நல்லெண்ணெய்' என்று ஓர் அடைமொழி தேவைப்பட்டது. வலையமைப்புக்கும் இதுவே நேர்ந்தது. 'நெட்வொர்க் கார்டு' என்றாலே கம்பி என்று பொருள்பட்ட காலம் ஒன்று இருந்தது. மற்றதற்கு, தன்னிடம் இல்லாததைச் சுட்டியே 'கம்பியில்லா' என்று பெயர் வைத்தோம். இன்று நிலை தலைகீழ்: வெறுமனே 'நெட்' என்றால் வைஃபை; கம்பிக்குத்தான் 'வயர்டு' என்ற அடைமொழி வேண்டியிருக்கிறது. கம்பி முன்னோர், காற்று அதன் வாரிசு என்ற எண்ணத்தை இந்தப் பெயர்கள் நமக்குள் விதைத்துவிட்டன. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கணினி வலையமைப்பில் நம் வீட்டு லேன் கம்பியின் தாய்வீடே வானலைதான்.

1971 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 'அலோஹாநெட்' இயங்கத் தொடங்கியது. நார்மன் ஆப்ராம்சன் என்னும் பொறியாளரும் அவருடைய குழுவினரும் அதை அமைத்தனர். பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கணினி ஓவாஹு தீவின் மனோவா வளாகத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பியவர்கள் பிற தீவுகளிலும் இருந்தனர். இடையில் கடல். ஆகவே வானலை. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. அனுப்ப வேண்டியதை அனுப்பிவிடு; பெற்றுக்கொண்டேன் என்ற மறுமொழி வரவில்லையெனில் வேறொருவருடைய செய்தியோடு உன் செய்தி மோதிவிட்டது என்று கொள்; சற்றுநேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. காத்திருக்கும் நேரம் குருட்டாம்போக்கில் அமைவதால், மோதிய இருவரும் மறுபடியும் அதே நொடியில் மோதும் வாய்ப்புக் குறைவு. முறை எளியது, வீண்செலவோ மிகுதி. கணக்கிட்டால் அந்த அலைவரிசையின் ஆற்றலில் ஏறக்குறைய 18 விழுக்காட்டுக்கு மேல் பயன்கொள்ள இயலாது.

அந்த முறையைப் படித்து ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ராபர்ட் மெட்காஃப். கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய அவர், 1973 மே 22 அன்று எழுதிய ஒரு குறிப்பில் 'ஈதர்' என்ற சொல்லைத் தம் வலையமைப்புக்குச் சூட்டினார். ஒளி பயணம் செய்ய அண்டமெங்கும் ஓர் ஊடகம் நிறைந்திருக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலர் நம்பினர். அதற்கு இட்ட பெயர் ஈதர். 1887 இல் மைக்கெல்சனும் மார்லியும் நடத்திய சோதனை அந்த நம்பிக்கையை அசைத்தது. இயற்பியல் கைவிட்ட சொல்லை மெட்காஃப் எடுத்துக்கொண்டார். அவருடைய ஈதர் கம்பியாகவும் இருக்கலாம், வானலையாகவும் இருக்கலாம். டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய முதல் ஈதர்நெட் ஒரே தடித்த கம்பியில் நொடிக்கு 2.94 மெகாபிட் வேகத்தில் ஓடியது.

அலோஹாவுக்கு மேல் மெட்காஃப் சேர்த்த நற்பழக்கங்கள் இரண்டு. பேசுமுன் கேள், வேறொருவர் பேசினால் பொறு. பேசும்போதும் கேள், மோதல் எழுந்தால் உடனே நிறுத்து. இந்த இரண்டாவது பழக்கத்தில்தான் கம்பியும் காற்றும் பிரிகின்றன. வானலைக் கருவி ஒன்று அனுப்பிக்கொண்டிருக்கும்போது அதன் குரலே அதன் காதை அடைத்துவிடுகிறது. தொலைவிலிருந்து வரும் மெல்லிய அலை அப்போது அதற்குக் கேட்பதில்லை. ஆகவே வைஃபை மோதலை நேரில் கண்டறிவதில்லை. முன்கூட்டியே ஒதுங்கி நிற்கிறது. அனுப்பியபின் மறுமொழிக்குக் காத்திருக்கிறது. வராவிட்டால் திரும்ப அனுப்புகிறது. ஹவாயின் பழைய ஒழுங்கு இன்றும் நம் வீட்டுச் சுவர்களுக்குள் தொடர்கிறது.

கம்பி வேறு பாதையில் சென்றது. 1990 இல் 'கல்பனா' என்னும் நிறுவனம் பல துளைகள் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்தே ஊகிக்கலாம். அதை நிறுவிய இருவருள் ஒருவர் வினோத் பரத்வாஜ். சுவிட்ச் வந்தபின் ஒவ்வொரு கணினிக்கும் தனிப்பாதை கிடைத்தது. போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நிகழலாயின. மோதல் என்னும் சிக்கலே கம்பியிலிருந்து நீங்கியது. ஆக, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பழமை, புதுமை பற்றியதன்று. ஒன்று தனிவழி, மற்றது பொதுவெளி.

அந்தப் பொதுவெளி எப்படி வந்தது என்பதும் அறியத்தக்கது. 1947 இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்குவது அங்கேதான். இரைச்சல் மிகுந்த இடம் என்பதால் செய்தித் தொடர்புக்கு விரும்பிக் கேட்பார் இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் புறம்போக்கு. 1985 இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் உரிமமின்றி அதில் செய்தி அனுப்ப வழிவிட்டது. 1997 இல் வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே.

இந்தியாவில் காற்று அவ்வளவு எளிதில் பொதுவாகவில்லை. 1933 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, வானலைக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தியதை நம் தாத்தா பாட்டிமார் இன்றும் நினைவுகூர்வர். 2004 அக்டோபரில் நடுவண் அரசின் அகலக்கற்றைக் கொள்கை வெளிவந்தது. நொடிக்கு 256 கிலோபிட் வேகமே அன்று அகலக்கற்றை. 2005 ஜனவரியில் வந்த விதிகள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தன. 2018 இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இன்னும் அகன்ற வெளி திறந்தது. விரல்நுனி அளவுள்ள வைஃபை அடாப்டரைக் கடையில் வாங்கி யாரையும் கேளாமல் செருகுகிறோமே, அந்த உரிமை சட்டம் எழுதித் தந்தது; அண்மையில் எழுதித் தந்தது.

காற்றின் பெருமையையும் மறைக்கலாகாது. 1990களில் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா இணைப்பு முறையை உருவாக்கியது. வீடுதோறும் செம்புக் கம்பி இழுக்கும் செலவே நம் நாட்டில் தொலைபேசி பரவாமைக்குக் காரணம் என்று அவர்கள் கண்டனர். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் 2000களின் தொடக்கத்தில் இணைய மையங்கள் அந்த முறையில் இயங்கின. ஹவாயில் கடல் தடுத்தது. மேலூரில் செலவு தடுத்தது. இரண்டு இடங்களிலும் கம்பி போக முடியாத தொலைவைக் காற்று கடந்தது.

இனி யூஎஸ்பி. 1996 ஜனவரியில் அதன் முதல் தரம் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய அஜய் பட், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கணினியைத் திறந்து அட்டை பொருத்தும் வேலையைச் செருகினால் போதும் என்று ஆக்கியது அது. முதல் தரத்தின் உச்சவேகம் நொடிக்கு 12 மெகாபிட். 2000 இல் வந்த 2.0 தரத்தில் 480. 2008 இல் வந்த 3.0 தரத்தில் 5,000. அதே 2008 இல் ஆப்பிளின் மேக்புக் ஏர் ஈதர்நெட் துளையே இல்லாமல் வந்தது. கம்பி வேண்டுவோர் யூஎஸ்பி அடாப்டரைத் தனியே வாங்க வேண்டியதாயிற்று. கணினிக்குள் பிறந்த கம்பி, வெளியே விருந்தாளியாக நின்றது.

வாங்க நினைப்போர்க்கு இந்த வரலாறு சொல்வது இது. கணினி ஓரிடத்தில் நிலையாக இருந்து, ரவுட்டர் வரை கம்பி போக வழியிருந்தால் கம்பி அடாப்டரே தக்கது. வீட்டு இணைப்பு 100 மெகாபிட் வரை எனில் விலை குறைந்த 100 மெகாபிட் அடாப்டரும் யூஎஸ்பி 2.0 துளையும் போதும். அதற்கு மேல் எனில் கிகாபிட் அடாப்டரை 3.0 துளையில் செருகுங்கள், 2.0 துளையில் அது 480ஐத் தாண்டாது. கம்பிக்கு வழியில்லையெனில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இயங்கும் வைஃபை அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். 3.0 துளைகளும் அவற்றில் இணைத்த கருவிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல்லே 2012 இல் ஓர் அறிக்கையில் காட்டியது. ஆகவே அடாப்டரைக் கணினியின் முதுகில் ஒட்டவிடாமல், சிறு நீட்டிப்புக் கம்பியில் சற்று விலக்கி வையுங்கள்.

என் அறையில் அமர்ந்து கணினி காட்டிய வைஃபை பெயர்களை எண்ணினேன்: 31. அத்தனை வீடுகளும் என் பேராசிரியரும் அந்த மூதாட்டியும் ஒரே புறம்போக்கில் நெருக்கியடித்து நின்றிருக்கிறோம். வீட்டு உரிமையாளர் சுவரில் துளையிட இசையவில்லை. 15 மீட்டர் கம்பி வாங்கிக் கதவின் அடிவழியே, சுவரோரமாக இழுத்தேன். அடுத்த கூட்டத்தில் அதே ஒலித்துண்டுகளை மீண்டும் ஒலிக்கச் செய்தேன். பேராசிரியர் இருமுறை கேட்டுவிட்டு, "ழகரம் நன்றாகவே இருக்கிறது, ஆய்வைத் தொடருங்கள்" என்றார்.

வைஃபை அடாப்டரை எறியவில்லை. பக்கத்து அறையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கையின் கணினியில் இப்போது அது இருக்கிறது. அவளுடைய அறைவரை கம்பி எட்டாது.