ஈய எழுத்திலிருந்து டெக் வரை: அப்பாவின் ஒரு ஃபைல்

அப்பா ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். ஓய்வு பெற்றபிறகு எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி வழங்கும் மீன்பிடிச் சொற்களை நோட்டில் எழுதி வைத்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அதை ஒரு டிடிபி கடையில் கொடுத்து டைப் செய்தும் வாங்கினார். புத்தகமாகப் போட வேண்டும் என்பது ஆசை. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டு ஒரு மழை வெள்ளத்தில் போனது. மிஞ்சியது ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்கு மாற்றி வைத்திருந்த ஒரே ஒரு ஃபைலும், 11 பக்க புரூஃபும்தான்.

போன வருடம் அந்த ஃபைலைத் திறந்தேன். தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த குப்பை.

இது ஏன் இப்படி ஆனது, எப்படி மீட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. நடுவில் டெக் என்ற மென்பொருளின் கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1977. டொனால்டு க்னூத் தன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியைத் திருத்தி மறுபதிப்புக்குக் கொடுத்திருந்தார். வந்த கேலி புரூஃபைப் பார்த்ததும் மனுஷனுக்கு மனசே விட்டுப்போச்சு. பழைய ஈய அச்சு போய் ஒளி அச்சு வந்திருந்தது. எழுத்தின் அழகும் கூடவே போயிருந்தது. சரி, நாமே ஒரு புரோகிராம் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய பத்து வருடத்தை விழுங்கியது. 1978ல் முதல் டெக், 1982ல் முழுக்கத் திருப்பி எழுதிய டெக், எழுத்து வரைய மெட்டாஃபாண்ட். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கைக் கட்டினார். அவருடைய கையேடு 1986ல் வந்தது.

டெக்கின் அடிப்படை ரொம்ப எளிது. நீங்கள் எழுதுவது சாதா உரை. 'இது தலைப்பு', 'இது அடிக்குறிப்பு' என்று கட்டளைக் குறிகளை அதன் ஊடே வைக்கிறீர்கள். பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். வரியை எங்கே முடிப்பது என்பதை அது ஒவ்வொரு வரியாக முடிவு செய்வதில்லை. மொத்தப் பத்தியையும் பார்த்துவிட்டு, எந்த வெட்டு எல்லா வரிக்கும் சேர்த்து நன்றாக வரும் என்று கணக்குப் போடுகிறது. க்னூத்தும் மைக்கேல் பிளாஸும் சேர்ந்து எழுதிய முறை இது.

அதே 1978ல் தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. ணை, லை, ளை, னை, றா, னா போன்ற எழுத்துகளின் பழைய தனி வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே கொம்பும் காலும் போட்டு எழுதும் வழக்கம் வந்தது. பெரியார் 1935லேயே 'குடி அரசு' இதழில் இதைச் செய்து காட்டியிருந்தார். க்னூத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அப்பா மாதிரி ஆட்களுக்கு எழுத்துப் பெட்டியில் சில அறைகள் காலியாயின. பின்னால் கம்ப்யூட்டருக்கு ஃபாண்ட் செய்தவர்களுக்கும் சில வடிவங்கள் மிச்சமாயின.

டெக்கில் தமிழுக்கான ஆரம்பகால முயற்சி ஒன்று நடந்தது சென்னையில் இல்லை, சியாட்டிலில். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்டாஃபாண்டில் தமிழ் எழுத்துகளை வரைந்தார். அப்போது தமிழுக்கென்று எல்லோரும் ஏற்ற குறியேற்றம் இல்லை. எனவே ரோமன் எழுத்தில் தமிழை ஒலிபெயர்த்து அடித்தால், தாளில் தமிழாக வரும். நம் ஊர் ஆட்களுக்குக் கேட்கவே எரிச்சலாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்த ஃபைலை இன்றைக்குத் திறந்தாலும் படிக்கலாம்.

அப்பாவின் ஃபைல் நேர் எதிர். தொண்ணூறுகளில் டிடிபி ஃபாண்ட் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு எழுத்தை அடுக்கியது. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ழு' இருக்கும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999ல் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு நடந்து டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. யூனிகோடில் 1991லேயே தமிழ் இருந்தது, ஆனால் நம் கடைகளுக்கு அது வந்து சேரப் பல வருடம் ஆனது. ஃபாண்ட் போனால் எழுத்தும் போச்சு என்ற நிலைமை. எங்கள் ஃபைலின் ஃபாண்ட் எங்கேயும் கிடைக்கவில்லை.

கையில் இருந்த 11 பக்கம் காப்பாற்றியது. தாளில் இருப்பதையும் ஃபைலில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன். மூன்று வார இறுதி ஓடிவிட்டது. பழைய ஃபாண்டில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாக இருக்கும்; யூனிகோடில் க முதலில், ஒகரக் குறி பின்னால். அந்த வரிசையையும் ஸ்கிரிப்ட் மாற்றிக் கொடுத்தது.

அச்சுக்கு ஸீடெக்கை எடுத்துக்கொண்டேன். ஜானதன் கியூ 2004ல் வெளியிட்டது. யூனிகோடை நேராகப் படிக்கும், கம்ப்யூட்டரில் இருக்கும் எந்தத் தமிழ் ஃபாண்டையும் எடுத்துக்கொள்ளும். பாலிகிளாசியா தொகுப்பைச் சேர்த்தால் தலைப்புகளும் தமிழில் வரும். சொல், பொருள், கேட்ட இடம் மூன்றையும் வாங்கிக்கொள்ளும் ஒரு கட்டளை எழுதி அதற்கு 'சொல்' என்றே பெயர் வைத்தேன். பழவேற்காட்டில் மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முதற்கொண்டு எல்லாச் சொல்லும் அதற்குள் போனது. பொருளைச் சாய்வெழுத்தில் போடலாமா வேண்டாமா என்று மாற்ற ஒரே ஓர் இடத்தில் தொட்டால் போதும்.

முதல் புரூஃபை அப்பாவோடு வேலை செய்த மாமா ஒருவரிடம் காட்டினேன். வயது எண்பதுக்கு மேல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, வார்த்தைக்கு நடுவுல சந்து சந்தா வுட்டு வச்சிக்கிற?"

நியாயம். தமிழ்ச் சொல் நீளம். உடைக்க வழி சொல்லாவிட்டால் டெக் இடைவெளியைத்தான் இழுக்கும். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் உடைக்கலாம் என்று நானே குறி வைத்து மறுபடி எடுத்துப் போனேன்.

"வரி ஆரம்பத்துல மெய்யெழுத்து நிக்குது பார். உங்கப்பன் பாத்தா ஸ்டிக்கால அடிச்சிருப்பான்."

வீட்டுக்கு வந்து தேடினால், சந்தோஷ் தோட்டிங்கல் தமிழுக்கு எழுதிய சொல்வெட்டு விதிகள் டெக் தொகுப்பிலேயே இருக்கின்றன. புள்ளி வைத்த எழுத்தை முந்தைய எழுத்தோடு ஒட்டி வைப்பது உட்பட. மாமா வாயால் சொன்ன விதி அங்கே வரி வரியாக எழுதி இருந்தது. என் குறிகளை எல்லாம் தூக்கிவிட்டு அதைப் போட்டேன். தமிழ்ப் புத்தகத்தில் சொல்லை உடைத்தால் பெரும்பாலும் சிறுகோடு போடுவதில்லை. அதனால் கோட்டின் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்றை வைத்தேன்.

மூன்றாவது புரூஃபில் மாமா ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டிவிட்டு, "எத்தினி காப்பி போடப் போற?" என்று மட்டும் கேட்டார்.

நூறு காப்பி போட்டேன். ஃபைலையும் கட்டளைகளோடு அப்படியே வைத்திருக்கிறேன். சாதா உரை. ஸீடெக்கே இல்லாமல் போனாலும் யாராவது திறந்து படித்துக்கொள்ளலாம்.