வாய்த்தூய்மையும் வாய்நறுமணமும்

பண்டைத் தமிழர்தம் வாழ்வியலை ஆராய்வாருட் பலர், வாய்நாற்றம் களைதலையும் வாய்க்கு மணம் ஊட்டுதலையும் ஒன்றெனவே கொண்டு எழுதுவர். அவ்விரண்டும் வேறு என்பதை நூற்சான்றும் இற்றை மருத்துவமும் ஒருங்கே உணர்த்துகின்றன.

முதற்கண் சொல்லை நோக்குவோம். நாற்றம் என்பது பழந்தமிழில் மணத்திற்குப் பொதுப்பெயர். ஐம்புலன்களை எண்ணுமிடத்துத் திருவள்ளுவர் இச்சொல்லை அப்பொதுப்பொருளிலேயே ஆண்டார். கண்ணன் வாயின் மணம் எத்தகையது எனச் சங்கை வினவும் ஆண்டாளும் நாறுதல் என்னும் வினையை நறுமணத்திற்கே வழங்கினார். தீமணம் ஒன்றையே குறித்தல் பிற்கால வழக்கு. ஆதலின் பழைய நூலில் இச்சொல்லைக் கண்டவுடன் நோயெனக் கொள்ளுதல் பொருந்தாது.

இனி, மணம் ஊட்டும் மரபினைக் காண்போம். தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதி என்னும் ஐந்தும் முகவாசம் எனப்பட்டன. உண்டபின் கண்ணகி கோவலனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்ததைச் சிலப்பதிகாரம் கூறும். இவை இன்பமும் விருந்தோம்பலும் சார்ந்தவை. தீநாற்றத்தின் காரணத்தை நீக்குவன அல்ல.

தூய்மை செய்யும் மரபு வேறு. கயத்தூர்ப் பெருவாயின் முள்ளியார் இயற்றிய ஆசாரக்கோவை, காலையிற் பல்துலக்குதலைக் கோல் தின்னுதல் என்று குறிக்கின்றது. உண்டபின் எச்சில் அறுமாறு வாய்கொப்புளித்து உமிழ வேண்டும் என்றும் விதிக்கின்றது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதியென்னும் பழமொழி இவ்வழக்கின் நீட்சியே. எனினும் இந்நூல் வடமொழி நூற்பொருளைத் தொகுத்தது என்பதனை அதன் பாயிரமே கூறுதலின், இவ்விதிகள் தமிழர்க்கே தனியுரிமை உடையன எனல் இயலாது. சரக சங்கிதையோ, நாவின் அடியிற் படிந்த அழுக்குத் தீநாற்றம் தரும் எனக் கூறிப் பொன், வெள்ளி, செம்பு முதலியவற்றால் ஆகிய நாக்கு வழிப்பானை வகுத்துரைக்கின்றது.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 1068), 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் அதற்குரிய மருத்துவரையும் மருந்துகளையும் குறிக்கின்றது. அம்மருந்துகளுள் கடுக்காய் சேர்ந்தன சில உள. கடுக்காய் ஈறு நோய்க்குப் பயன்படுவது நாட்டு மருத்துவ வழக்காயினும், அதுகொண்டு ஆதுலசாலையில் வாய்நோய் மருத்துவம் நிகழ்ந்தது என முடிவு கட்டுதல் சான்றினைக் கடந்ததாகும்.

இற்றை மருத்துவம் கூறுவது யாது? வாய்நாற்றம் பெரும்பான்மையும் வாயினுள்ளேயே தோன்றுகின்றது. நாவின் பின்புறத்தும் ஈற்றின் இடுக்கிலும் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைப்ப, ஐதரசன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் முதலிய கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. உமிழ்நீர் குறையின் நாற்றம் மிகும். சின்ன வெங்காயம் மிகுதியாக விளையும் பெரம்பலூர்ப் பகுதியில், உணவாலாகும் மணத்தை எவரும் அறிவர். பூண்டின் கந்தகச் சேர்மம் ஒன்று குருதியிற் கலந்து நுரையீரல் வழியே வெளிப்படுதலின், கொப்புளித்தும் அது நீங்காது. ஆயினும் தானே தணியும். நாட்பட நிற்கும் நாற்றத்திற்குப் பல்லும் நாவும் தூய்மை செய்து, ஈறு நோய்க்கு மருத்துவம் பெறுதலே வழி. சிறுபான்மை மூக்கு, தொண்டை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் நோயும் நீரிழிவும் காரணமாதலுண்டு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் பாக்கினை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என வகைப்படுத்தியது. புகையிலை சேரின் தீங்கு பெரிது. தாம்பூலத்தை முன்னோர் கண்ட வாய் மருந்து எனப் புகழும் ஆராய்ச்சியாளர், தம்மை அறியாமலே நோய்க்குத் துணை செய்பவர் ஆவர். மேலும், மணத்தால் மறைக்கப்பட்ட ஈறு நோய் உள்ளே வளர்ந்து பல்லையே போக்கும். நாணத்தால் வாய் திறவாது ஒதுங்குவார்க்கு வேண்டுவது இலவங்கமன்று. காரணத்தைத் தெளிந்த மருத்துவமே. எனவே முகவாசத்தை நாகரிக வரலாற்றிலும், கோல் தின்னுதலையும் நா வழித்தலையும் மருத்துவ வரலாற்றிலும் வைத்து ஆராய்தலே முறையாகும்.