சொல் வந்த வழி – 6: மண்ணுக்குள் இருந்த மாளிகை

1480 வாக்கில் ரோம் நகரின் ஓப்பியன் குன்றில், தரையில் இருந்த பொந்துகள் வழியாக ஓவியர்கள் உள்ளே இறங்கினார்கள். கையில் தீப்பந்தம். கூரைவரை மண் நிரம்பிக் கிடந்ததால் நிமிர்ந்து நிற்க முடியாது, தவழத்தான் வேண்டும். வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தால், முகத்துக்கு நேர் மேலே ஓவியங்கள்! கொடியின் நுனியில் மனிதத் தலை, பாதி மிருகமும் பாதி இலையுமான உடல்கள், மெல்லிய தண்டின்மேல் நிற்கும் மண்டபங்கள்.

குகை என்றே எண்ணினார்கள். இத்தாலிய மொழியில் குகை ‘குரோத்தா’. அங்கே கண்ட பாணி ‘குரோத்தெஸ்கா’ ஆயிற்று. 1502இல் சியேனா நூலகத்தின் விதானத்தைத் தீட்ட ஓவியர் பின்தூரிக்கியோவோடு எழுதிய ஒப்பந்தத்திலேயே, ‘இப்போது இப்படி அழைக்கப்படும் பாணி’ என்று இந்தப் பெயர் இருக்கிறது. ரோமில் பொந்து வழியே இறங்கிய ஓவியர்களில் சிலர் தங்கள் பெயர்களையும் அங்கிருந்த கூரையில் கீறிவிட்டுப் போனார்கள்.

ஆனால் அது குகையே அல்ல. கி.பி. 64இல் ரோம் எரிந்த பிறகு நீரோ மன்னன் எழுப்பிய பொன் மாளிகை அது. 68இல் அவன் தற்கொலை செய்துகொண்டான். பின்வந்தவர்கள் அவன் சுவட்டையே அழிக்க முனைந்தார்கள். அவன் மாளிகை வளாகத்தில் ஏரி இருந்த இடத்தில் கொலோசியம் எழுந்தது. பின்னாள் பேரரசன் டிராஜன் தன் குளியல் மாளிகைக்கு அடித்தளமாக இந்த அறைகளையே மண்ணால் நிரப்பினான். அழிப்பதற்காகக் கொட்டிய மண்தான் ஈரக்காற்றும் வெளிச்சமும் படாமல் அந்த வண்ணங்களைக் காத்தது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கும் இடம் இதுவே.

ஓவியர் ரஃபேலும் அவருடைய உதவியாளர் ஜியோவன்னி தா உதினேயும் அதே பாணியை வத்திக்கான் மாளிகையின் தாழ்வாரங்களுக்குக் கொண்டுபோனார்கள். போப்பாண்டவர் நடந்த இடத்தையே அலங்கரித்த பாணி என்றால், அன்று அதற்கு இருந்த மதிப்பை அளந்துகொள்ளலாம். இத்தாலியிலிருந்து பிரான்சு போன சொல் முதலில் ‘குரோத்தெஸ்க்’ என்றும், பிறகு ‘க்ரொதெஸ்க்’ என்றும் ஒலித்தது. அங்கிருந்தே ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இரண்டு மொழியிலும் இன்று அதற்குப் பொருள் விகாரம், விபரீதம், கோரம்.

அரண்மனைச் சுவரை அழகுபடுத்திய சொல் வசையாக மாறியது எப்படி? 1580இல் போர்தோ நகரில் அச்சேறிய ஒரு நூலில், சுவர் ஓவியத்துக்கான அந்தப் பெயரை பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவர் தம் சொந்த எழுத்துக்கே சூட்டிக்கொண்டார். அவர் பெயர் மொந்தேன். அப்படி ஏன் செய்தார்?

(அடுத்த வாரம்)