பாழ்துறை புதுப்பேட்டையான வரலாறு
(டப்ளின் நகரத் துறைமுகப் பகுதி பற்றிய ஓர் ஆராய்ச்சி)

ஆற்று முகத்துவாரத்தை அண்டி எழுந்த நகரங்களின் வரலாற்றிலே ஒரு பொது நியதி காணப்படும். முதலில் துறைமுகம் நகரைச் செல்வமுடையதாக்கும். பின்னர்க் கப்பல்கள் பருத்து வளர, துறைமுகம் ஆழ்ந்த நீரை நாடி நகரை விட்டு விலகும். அது விட்டுச் சென்ற கரை பாழாகும். அவ்வாறு பாழான கரையை மீண்டும் வாழ்விப்பது எங்ஙனம் என்பது, இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் மேனாட்டு நகரங்கள் பலவற்றின் முன் நின்ற வினாவாகும். அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளின் அதற்கு அளித்த விடை தனிக் கவனத்துக்குரியது. நிலக்கரியும் தானியமும் இறக்கப்பட்ட கரைகளிலே இன்று உலகப் பெருங் கணினி நிறுவனங்களின் மாளிகைகள் நிற்கின்றன. இம்மாற்றம் எதனால் விளைந்தது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் இரு வினாக்களும் ஈண்டு ஆராயப்படும்.

துறையின் எழுச்சி

டப்ளின் நகரை ஊடறுத்துக் கிழக்கே கடலிற் கலப்பது லிஃபி ஆறு. பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் முகத்துவாரத்துச் சேற்று நிலங்கள் மதில் கட்டி மீட்கப்பட்டன. ஜேம்ஸ் காண்டன் என்னும் சிற்பாசாரியார் அமைத்த சுங்க மாளிகை 1791ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டதும், கப்பல் வாணிகம் நகரின் நடுப்பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி நகரலாயிற்று. ஐந்தாண்டுகள் கழித்து, 1796இல், தென்கரையிலே கிராண்ட் கனால் துறை திறக்கப்பட்டது. கடற்கப்பல்களும் உள்நாட்டுக் கால்வாய்ப் படகுகளும் ஒருங்கே வந்து தங்குமாறு வெட்டப்பட்ட பெரிய நீர்த்தேக்கம் அது. கடற்பெருக்கும் வற்றும் உள்ளே தாக்காவண்ணம் கம்டன், பக்கிங்ஹாம், வெஸ்ற்மோர்லாந்து என்னும் மூன்று நீர்க்கதவுகள் அதன் வாயிலில் அமைக்கப்பட்டன. அக்காலத்தில் அத்துணை விசாலமான துறைகள் அரியனவாகவே இருந்தன.

எனினும், அதனை அமைத்தோர் எதிர்பார்த்த பெருவாணிகம் அங்கு நிலைக்கவில்லை. 1834இல் அயர்லாந்தின் முதற் புகையிரதப் பாதை டப்ளினிலிருந்து கிங்ஸ்ரவுண் வரை ஓடத் தொடங்கியது. பின்னர் நாடெங்கும் பரந்த பாதைகள் கால்வாயின் சரக்கைக் கவர்ந்தன. கடற்கப்பல்களும் அந்நீர்க்கதவுகளுள் நுழைய இயலாத அளவுக்குப் பெருத்தன. ஆயினும் துறையைச் சூழ்ந்து மாவாலைகளும் கண்ணாடித் தொழிற்சாலைகளும் நிலக்கரியிலிருந்து வாயு வடிக்கும் ஆலையும் எழுந்தன. அவற்றை நம்பி ரிங்ஸென்ட், பியர்ஸ் வீதி முதலிய இடங்களிலே தொழிலாளர் குடும்பங்கள் செறிந்து வாழ்ந்தன.

அவர்தம் வாழ்வு நிச்சயமற்றது. காலைதோறும் துறைமுகத் தொழிலாளர் கூடி நிற்பர். ஏற்றியிறக்கும் பணியை ஒப்பந்தமெடுத்தவரின் கங்காணி பெயர்களை வாசிப்பான். பெயர் வாசிக்கப்பட்டவனுக்கே அன்று கூலி. இந்நிலைக்கெதிராக ஜிம் லார்கின் 1909இல் அயர்லாந்துப் போக்குவரத்து, பொதுத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். 1913ஆம் ஆண்டிலே நானூறு வரையிலான முதலாளிமார் ஒன்றுகூடி, அச்சங்கத்தை விட்டு விலகாத தொழிலாளரை வேலைத்தலங்களிலிருந்து வெளியேற்றிக் கதவடைத்தனர். ஏறக்குறைய 20,000 தொழிலாளர் மாதக்கணக்காகப் பட்டினி கிடந்தனர். பிரித்தானியத் தொழிற்சங்கத்தார் அனுப்பிய உணவுக்கப்பல் வந்தடைந்ததும் இத்துறைமுகத்திலேயே. மூன்றாண்டுகளின் பின் நிகழ்ந்த 1916ஆம் ஆண்டு எழுச்சியில், கிராண்ட் கனால் துறையை அடுத்த போலண்ட் வெதுப்பகத்தைக் கைப்பற்றி நின்ற படைக்குத் தலைமை தாங்கியவர், பின்னாளில் அந்நாட்டின் பிரதமரும் சனாதிபதியுமான ஈமன் டி வலேரா ஆவார். எனவே இக்கரை வெறும் சரக்குக்கரையன்று; ஒரு தேசத்தின் அரசியலும் தொழிலாளர் இயக்கமும் உருப்பெற்ற கரையுமாகும்.

வீழ்ச்சி

அரசியல் விடுதலை இக்கரைக்குப் பொருளாதார விடுதலையைக் கொணரவில்லை. 1950களில் மட்டும் ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் நாட்டை விட்டுப் பிழைப்புத் தேடிப் போயினர். 1960இல் கிராண்ட் கனாலிற் சரக்குப் படகுகளின் போக்குவரத்து நின்றுபோயிற்று. அதே காலத்தில் உலகக் கப்பற்றொழிலை அடியோடு மாற்றிய கொள்கலன் முறை பரவியது. 1956இல் அமெரிக்காவிலே தொடங்கிய அம்முறைப்படி, சரக்கு முழுவதும் உருக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பாரந்தூக்கிகளால் ஏற்றி இறக்கப்பட்டது. முன்னர் நூற்றுவர் பல நாட்களிற் செய்த வேலையை இப்பொழுது ஒரு சிலர் சில மணிநேரத்திலே முடித்தனர். டப்ளின் துறைமுகத் தொழிலாளருக்கு 1971இல் நிரந்தர வேலைமுறை கிடைத்தது. ஆனால் நூற்றாண்டுக்காலமாக வேண்டி நின்ற அவ்வுரிமை கைகூடிய வேளையில், அவர்தம் தொழிலே அருகத் தொடங்கிவிட்டது. துறைமுகம் கிழக்கே ஆழ்ந்த நீருக்கு நகர்ந்தது. கின்சேல் கடற்படுகையின் இயற்கை வாயு 1980களில் டப்ளினை அடைந்ததும், நிலக்கரி வாயு ஆலைக்கும் வேலையில்லாது போயிற்று. அது விட்டுச் சென்றது கீலும் நச்சுக் கழிவும் ஊறிய நிலமே. பண்டகசாலைகள் பூட்டப்பட்டன, இளைஞர் வேலையின்றி வீதியில் நின்றனர்.

மீட்சியின் இரு வேர்கள்

மீட்சியின் காரணத்தை வினவுவோர் பெரும்பாலும் வரிச்சலுகையையே முதற்கண் சுட்டுவர். அது பொய்யன்று. 1956இல் ஏற்றுமதி இலாபத்துக்கு வரி விலக்கு அளிக்கும் கொள்கை தொடங்கியது. 1958இல் நிதித் திணைக்களச் செயலாளர் ரி. கே. விற்றேக்கர் தயாரித்த பொருளாதார அறிக்கையும், 1959இல் பிரதமரான ஷோன் லெமாஸின் ஆட்சியும் அந்நிய முதலுக்கு நாட்டின் கதவைத் திறந்தன. 1986இன் நகரப் புனரமைப்புச் சட்டத்தின் கீழ்ச் சுங்க மாளிகைத் துறை அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. வடகரையில் 27 ஏக்கர் நிலத்தை மையமாகக் கொண்டு, 1987இல் சர்வதேச நிதிச் சேவை நிலையம் நூற்றுக்குப் பத்து வீத வரியுடன் தொடங்கப்பட்டது. 2003 முதல் கம்பனி இலாப வரி பொதுவாகவே நூற்றுக்கு 12.5 வீதமாயிற்று.

ஆயினும் குறைந்த வரியை வேறு நாடுகளும் அளித்தன. வந்த நிறுவனங்கள் வேலைக்கமர்த்துவதற்குக் கற்ற இளைஞர் இருந்தமை மற்றைய வேராகும். 1966 செப்ரெம்பரில் கல்வி அமைச்சர் டொனொ ஓமாலி இரண்டாந்தரக் கல்வியை இலவசமாக்கும் திட்டத்தை அறிவித்தார். மறு ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை கட்டணஞ் செலுத்த இயலாது ஆரம்பப் பாடசாலையோடு கல்வியை நிறுத்திய பிள்ளைகளுக்கு உயர்வகுப்பின் வாயில் திறந்தது. 1970களிலே பிரதேசத் தொழினுட்பக் கல்லூரிகளும், லிமெரிக்கிலும் டப்ளினிலும் உயர்கல்வி நிறுவகங்களும் எழுந்தன. பிந்தியவை இரண்டும் 1989இல் பல்கலைக்கழகங்களாயின. மைக்ரோசொப்ட் 1985இலும் இன்டெல் 1989இலும் அயர்லாந்தைத் தெரிந்தபோது, அவை கண்டது குறைந்த வரியை மட்டுமன்று. ஆங்கிலமும் கணிதமும் பொறியியலும் பயின்ற ஒரு தலைமுறையையுமாகும். வரிச்சலுகை ஒரு கையொப்பத்தால் அளிக்கப்படுவது. கற்ற தலைமுறையோ இருபதாண்டு முன்னரே விதைக்கப்பட வேண்டுவது. வரலாற்று மாணவர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

தொழினுட்பப் பேட்டை

1997இல் டப்ளின் துறைமுகப்பகுதி அபிவிருத்தி அதிகாரசபை அமைக்கப்பட்டது. ஆற்றின் இருகரையிலும் 526 ஹெக்டேயர் பரப்பு அதன் பொறுப்பிலே வந்தது. பழைய வாயு ஆலையின் நஞ்சேறிய மண் துப்புரவாக்கப்பட்ட பின்னரே கிராண்ட் கனால் துறையைச் சூழப் புதிய கட்டடங்கள் எழுந்தன. 2003இல் கூகிள் நிறுவனம் டப்ளினிற் சில ஊழியருடன் காலூன்றியது; பின்னர் துறையை அடுத்த பரோ வீதியிற் பல கட்டடங்களைத் தனதாக்கியது. 2008இல் பேஸ்புக் தன் சர்வதேசத் தலைமையகத்தை டப்ளினில் அமைப்பதாக அறிவித்தது. சிறியனவும் பெரியனவுமாக வேறு நிறுவனங்களும் தொடர்ந்தன. மக்கள் அப்பகுதியைச் 'சிலிக்கன் துறை' என அழைக்கலாயினர். டி வலேராவின் நினைவோடு இணைந்த போலண்ட் பெயரைத் தாங்கிய மாவாலை வளவும் புதுக்கப்பட்டு, 2018இல் கூகிளுக்கே விற்கப்பட்டது. லிஃபியின் மேல் அமைந்த இரு புதுப்பாலங்கள், 2005இல் ஷோன் ஓகேசி என்றும் 2009இல் சாமுவேல் பெக்கெற் என்றும், நாட்டின் நாடகாசிரியர் பெயர்களையே பெற்றன. ஓகேசி வடகரைத் தொழிலாளருடன் உழைத்து வாழ்ந்து, அவர்தம் துயரை நாடகமாக்கியவர் என்பது நினைவுகூரத்தக்கது.

இவ்வளர்ச்சி இடையறாது சென்றதன்று. 2006இன் இறுதியில் ரிங்ஸென்ட் பக்கத்துப் பழைய கண்ணாடிப் போத்தல் தொழிற்சாலை நிலம் 412 மில்லியன் யூரோவுக்கு விலைபேசப்பட்டது. வாங்கியோருள் அபிவிருத்தி அதிகாரசபையும் ஒரு பங்காளி. ஈராண்டுள் வங்கிகள் சரிந்தன; நிலத்தின் விலை முன்னையதில் ஒரு சிறு பகுதியாக வீழ்ந்தது. 2010இல் நாடே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கடனுதவி பெறும் நிலைக்கு வந்தது. பொதுநலங் காக்க அமைந்த சபை தானே நிலவாணிகத்தில் இறங்கியதால் நேர்ந்த கேடு இது. அச்சபை 2016இற் கலைக்கப்பட்டது. வீழ்ச்சியிலும் கணினி நிறுவனங்கள் அக்கரையை விட்டு அகலாமையால், 2014இல் அங்கீகரிக்கப்பட்ட புதுத் திட்டத்தின் கீழ் மீண்டும் கட்டடங்கள் எழுந்தன.

பயன் யாருக்கு?

இனி இரண்டாம் வினா எஞ்சுகின்றது. சுங்க மாளிகைத் துறையில் நிதி நிலையம் எழுந்தபோது, பழைய மதிலுக்கு ஒருபுறம் பளிங்கு மாளிகைகளும் மறுபுறம் ஷெரிப் வீதியின் வறிய குடியிருப்புகளும் நின்றன. மதிலுக்கு அப்பால் வேலை பெருகியும், இப்பால் இருந்தோருக்கு அவ்வேலைக்கு வேண்டிய கல்வி இருக்கவில்லை. தந்தையின் பெயரைக் கங்காணி வாசிக்கவில்லையாயின் ஒரு நாட்கூலி போயிற்று. மகனுக்குக் கல்வி இல்லையாயின் அவன் பெயர் எந்நாளும் வாசிக்கப்படாது. இக்குறையை உணர்ந்தே 1997இன் திட்டத்தில், புதிதாக எழும் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு எளியோருக்கு ஒதுக்கப்படல் வேண்டும் என விதிக்கப்பட்டது. எனினும் வாடகையும் வீட்டு விலையும் ஏறவே, பழைய குடிகளின் பிள்ளைகள் தாம் பிறந்த தெருவிலே வாழ இயலாமை பெருங் குறையாக நிலைத்தது.

இதனிடையே நிகழ்ந்த ஒரு சிறு செயல் பேரலுவலகங்களைக் காட்டிலும் கருதத்தக்கது. 1951இல் இயேசு சபையினர் தொழிலாளருக்கெனத் தொடங்கிய ஒரு கல்லூரி, அயர்லாந்துத் தேசியக் கல்லூரியாக வளர்ந்து, 2002இல் வடகரைத் துறைப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. அது அயல் வீடுகளுக்கே சென்று, பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் எழுத்தும் எண்ணும் பழக்கும் திட்டத்தைத் தொடங்கியது. கண்ணாடி மாளிகையின் கதவு அயலிற் பிறந்த பிள்ளைக்குத் திறப்பதாயின், அதன் திறவுகோல் அத்தகைய வீட்டுத் திண்ணைகளிலேயே வார்க்கப்படும்.

புதிய தொழிலும் பழைய கப்பலைப் போல் வந்து போகும் இயல்பினது. 2022இன் இறுதியில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமாகிய மெற்றா உலகெங்கும் ஏறத்தாழ 11,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, டப்ளினும் அதன் தாக்கத்தை உணர்ந்தது. பெருநிறுவனங்களுக்கு 2024 முதல் அயர்லாந்தில் வரி நூற்றுக்குப் 15 வீதமாயிற்று; முதல் வேரின் வலிமை அந்த அளவிற்குக் குறைந்தது. எஞ்சி நிற்பது இரண்டாவது வேரே.

வடகரையில் 1820களிற் கட்டப்பட்ட புகையிலைப் பண்டகசாலை ஒன்று இன்றும் உள்ளது. அதன் ஒரு பகுதியில் 2015 முதல் புதுத்தொழில் தொடங்கும் இளைஞருக்கான நிலையம் இயங்குகின்றது. மற்றொரு பகுதியில் 2016இல் அயர்லாந்தினரின் புலம்பெயர்வு நூதனசாலை திறக்கப்பட்டது. அயலே ஆற்றோரத்தில், 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய்க் கப்பலை நோக்கி நடந்தோரின் வெண்கலச் சிலைகள் 1997 முதல் நிற்கின்றன. அச்சிலைகளைக் கடந்தே பிறநாட்டு இளைஞர் பலர் இன்று அக்கரைக்கு வேலைக்குச் செல்கின்றனர். மக்களை ஏற்றியனுப்பிய கரை இன்று மக்களை வரவேற்கும் கரையாயிற்று என்பது பெருமைக்குரியதே. எனினும் அக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன் அயலான் போல் வெளியே நில்லாது உள்ளே சென்று அமரும் நாளிலேதான் துறையின் மறுமலர்ச்சி நிறைவெய்தும்.