தோல்வி தங்கும் நேரம்: வீரரின் சுபாவமும் நெருக்கடியை எதிர்கொள்ளும் முறையும்

தாம்பரம், வண்டலூர் பக்கத்து மைதானங்களில் பதறும் பையனுக்கு எளிதாகக் கிடைக்கும் அறிவுரை, "டென்ஷன் ஆகாதே" என்பது. பதறாதவனே மனவலிமை உள்ளவன் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போலந்து உளவியலாளர் யான் ஸ்ட்ரெலாவ், உடலியல் வேர் கொண்ட சில கூறுகளாகச் சுபாவத்தைப் பகுத்தார். அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம்: உணர்ச்சி எவ்வளவு கடுமையாக எழுகிறது, அதைத் தூண்டியது போன பிறகும் எவ்வளவு நேரம் நீடிக்கிறது. பயிற்சியாளர் கண்ணில் படுவது முதலாவது. அடுத்த ஆட்டத்தையும் கெடுப்பது இரண்டாவது.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடில், முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற சென்னை வீரர் குகேஷ், பத்தாம் சுற்றில் கைக்கு வந்திருந்த ஆட்டத்தை உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் இழந்தார். 2024 ஏப்ரலில், உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில், டொராண்டோவில், பிரான்சின் ஃபிரூஜாவிடம் மீண்டும் அப்படியொரு அடி. மறுநாள் ஓய்வு நாள். அதற்குள் புத்துணர்வு பெற்றதாக அவரே பின்னர் சொன்னார், போட்டியையும் வென்றார். அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரேனை 7.5–6.5 என வீழ்த்தி உலக சாம்பியனானபோது, பலகைக்கு முன்னாலேயே அழுதார். அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்தையும் பன்னிரண்டாம் ஆட்டத்தையும் தோற்றிருந்தவர் அவர். அழுதவரை உணர்ச்சியற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு உணர்ச்சி கடுமையாகவே எழுகிறது, ஆனால் தங்குவதில்லை. அவரது மனப்பயிற்சியாளர் பேடி அப்டனின் பயிற்சியும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதால், எல்லாவற்றையும் பிறவிச் சுபாவத்தின் கணக்கில் எழுதவும் கூடாது.

விஸ்வநாதன் ஆனந்தின் வழி வேறு. 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையில் நார்வேயின் கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். அடுத்த கேண்டிடேட்ஸில் ஆடவே தயங்கியவரை முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக் பேசி இணங்கவைத்தார். 2014 மார்ச்சில் ஓர் ஆட்டமும் தோற்காமல் ஆனந்த் அதை வென்றார். ஒருவருக்கு ஓர் ஓய்வு நாள் போதுமாயிருந்தது. இன்னொருவருக்குச் சில மாதங்களும் ஒரு நண்பரின் சொல்லும் தேவைப்பட்டன. இரண்டும் சரியான வழிகளே. உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் விளக்கியபடி, சிக்கலைத் தீர்க்க முனைவதும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்வதும் எதிர்கொள்ளும் முறைகள்தாம். எதற்கு எப்போது இடம் என்பதில் சுபாவத்துக்குப் பங்குண்டு.

சதுரங்கத்தில் ஓய்வு நாள் கிடைக்கும். கபடியில் கிடைக்காதே என்று கேட்கலாம். அங்கேதான் இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். பிடிபட்டவர் வெளியே உட்கார்ந்து, அவர் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றிய பிறகே உள்ளே வருகிறார். அந்த இடைவெளியில் பிடிபட்டதையே நினைத்துக்கொண்டிருப்பவர், அடுத்த ரெய்டில் எதிரணிப் பக்கத்துக் கோட்டைத் தாண்டித் திரும்பினால் போதும் என்று ஆடுவார். உட்காரும்போது அவர் முகம் எவ்வளவு சிவந்திருந்தது என்பது பெரிய விஷயமே அல்ல.

தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் தாம்பரத்துக்கு அருகே மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. போட்டிக்கு முந்தைய பதற்றத்தை வினாப்பட்டியலில் அளப்பதோடு அங்குள்ள ஆய்வாளர்கள் நின்றுவிட வேண்டாம். தோற்ற வீரர் மீள எவ்வளவு நேரம் எடுக்கிறார், அப்போது யாரைத் தேடுகிறார் என்பதை மைதானத்திலேயே அவர்கள் பதிவு செய்யட்டும்.