மூன்று குழுக்களும் ஒரு வளைகோடும்: லிஸ்கார்டின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்து ஒரு மறுவாசிப்பு

வேற்றுநாட்டுக்குக் குடிபெயர்ந்தவரின் மனநிலை முதலில் உற்சாகமாக இருந்து, சில மாதங்களில் தாழ்ந்து, பிறகு தானாகவே நிமிரும் என்னும் ‘யூ’ வடிவ வளைகோடு, பயிற்சிக் கையேடுகளில் இன்றும் விதியாகவே ஓதப்படுகிறது. அதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுவது ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் வெளியிட்ட கட்டுரை. அக்கட்டுரை இந்த விதியைத் தாங்காது என்பதும், அது தாங்கக்கூடிய வேறொரு செய்தியை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதும் என் வாதம்.

லிஸ்கார்டின் தரவு எளிமையானது. ஃபுல்பிரைட் நல்கை பெற்று அமெரிக்கா சென்று, நாடு திரும்பிய 200 நார்வேயர்கள் நேர்காணப்பட்டனர். தங்கிய காலத்தை வைத்து அவர்கள் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர்: 6 மாதத்துக்கும் குறைவாக இருந்தவர்கள், 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள், 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்கள். முதற்குழுவும் மூன்றாம் குழுவும் அந்நாட்டோடு நன்றாகப் பொருந்தியிருந்தன. இடைப்பட்ட குழு பின்தங்கியிருந்தது. இதைக் காலப்போக்கில் நிகழும் ஒரு மாற்றமாக லிஸ்கார்டே வாசித்தார், சற்றுத் தயக்கத்தோடுதான். பின்வந்தவர்கள் அந்தத் தயக்கத்தைக் கைவிட்டார்கள்.

இங்கே எந்த ஒரு மனிதரும் மாதந்தோறும் பின்தொடரப்படவில்லை. மூன்று வெவ்வேறு கூட்டத்தாரின் நிலையை அருகருகே வைத்து, ஒருவர் கடந்துவந்த பாதையாக வரைந்துவிட்டோம். நான்கு மாதம் சென்றவரும் இரண்டு ஆண்டு இருந்தவரும் ஒரே நோக்கத்தோடு போனவர்கள் என்று கொள்ள முடியாது. நீண்டகாலம் தங்கியவர்களில், பிடித்துப்போனதால் தங்கியவர்கள் கணிசமாக இருந்திருக்கலாம். அப்படியானால் மூன்றாம் குழுவின் நிறைவைக் காலம் தந்த குணமாகக் கொள்வதற்கு இடமில்லை.

இடைக்குழுவின் தனிமையைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. அதற்கு லிஸ்கார்ட் தரும் விளக்கமே கட்டுரையின் உயிர்ப்பகுதி: தொடக்கத்தில் மேலோட்டமான அறிமுகங்கள் போதுமாயிருக்கின்றன, பின்னர் நெருங்கிய நட்பு தேவைப்படுகிறது, அது எளிதில் கிடைப்பதில்லை. இந்த விளக்கத்தை மாதக்கணக்கிலிருந்து பிரித்து, தங்கவிருக்கும் காலத்தோடு சேர்த்துப் படித்தால் என்ன? நல்கையின் காலம் பெரும்பாலும் புறப்படும்போதே தெரிந்திருக்கும். சில மாதங்களில் திரும்புகிறவருக்கு ஆழ்ந்த நட்பு இல்லாமலே சமாளித்துவிட முடியும். நீண்டநாள் இருக்கப்போகிறவர் பொறுமையாக உறவு தேடுவார். ஓராண்டுக்காரருக்கோ நட்பு தேவை. ஆனால் அதற்கு முதலிடுவதற்குள் பயணச்சீட்டின் தேதி நெருங்கிவிடுகிறது. இது ஊகமே. ஆனாலும் தரவோடு வளைகோட்டைவிட நன்றாகவே பொருந்துகிறது.

ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தபோது வேறு படம் கிடைத்தது. காலீன் வார்டும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, நியூசிலாந்து சென்ற ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கி ஓராண்டு வரை அளந்தது. மனச்சோர்வும் அன்றாட நடைமுறைச் சிக்கல்களும் தொடக்கத்திலேயே மிகுந்திருந்தன. தேனிலவுக் கட்டம் என்று சொல்லப்படும் தொடக்க உற்சாகம் அங்கே காணப்படவில்லை. மாணவர்கள் 35 பேர்தான் என்று மறுப்பார்கள். காலம் பற்றிய கேள்விக்கு, தொடர்ந்து பார்க்கப்பட்ட 35 பேர் ஒருமுறை மட்டும் கேட்கப்பட்ட 200 பேரைவிட நம்பத்தக்கவர்கள். கலெர்வோ ஓபர்க்கின் பண்பாட்டு அதிர்ச்சிக் கட்டங்களைத் துணைக்கு அழைப்பதிலும் பயனில்லை. அவற்றை விவரித்து 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை கூர்மையான அவதானிப்பு; அளவீடு அதில் இல்லை. முதல் வாரங்கள் இனிமையாக இருந்ததாகப் பலர் நினைவுகூர்வது உண்மைதான். ஊர் திரும்பிய பின் எழும் நினைவு அது.

இந்தப் பிழையின் சுமை ஆய்வாளர்கள் மீது விழுவதில்லை. குடிபெயர்ந்தவர் மீது விழுகிறது. முதல் வாரத்தில் தூக்கமின்றித் தவிப்பவர், உற்சாகமாக இருக்க வேண்டிய நேரத்தில் தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று அஞ்சுகிறார். ஏழாம் மாதத்தில் தனித்துக் கிடப்பவரிடம் பொறுத்திருங்கள், தானாகச் சரியாகும் என்கிறோம். காத்திருப்பதால் நண்பர் கிடைப்பதில்லை.

ஆகவே உதவி இரண்டு இடங்களில் குவிய வேண்டும் என்பேன். வீடு, வங்கிக் கணக்கு, மருத்துவர், பேருந்துத் தடம் ஆகியவற்றில் கைகொடுப்பது வந்திறங்கிய நாளிலேயே தொடங்க வேண்டும். நட்புக்கான வாய்ப்பும் அதே வாரத்தில் திறக்கப்பட வேண்டும், குறிப்பாக ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர்களுக்கு. சொந்த நாட்டாரோடு ஒட்டாமல் உள்ளூர்க்காரரோடு மட்டும் பழகச் சொல்லும் அறிவுரைக்கும் ஆதாரம் வலுவாக இல்லை. ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவர்களிடம் ஸ்டீபன் பாக்னர் குழுவினர் 1977இல் கண்டபடி, நெருக்கம் சொந்த நாட்டாரிடம் கிடைக்கிறது. படிப்புக்கும் காரியங்களுக்குமான உதவி உள்ளூராரிடம் கிடைக்கிறது. வந்தவருக்கு இரண்டும் வேண்டும். இனிவரும் ஆய்வுகள் புறப்படுவதற்கு முன்பே ஒருமுறை அளந்து, தங்கவிருக்கும் காலத்தையும் ஒரு காரணியாகப் பதிவுசெய்தால், மேலே நான் ஊகமாகச் சொன்னதைச் சோதிக்க முடியும்.